ஏசி வேலையை வீட்டிலேயே கற்றுக்கொள்ள ஆசை: எதுவரை நாமே செய்யலாம்?

உறையூர்க்காரி

எல்லோருக்கும் வணக்கம். திருச்சி உறையூரில் சொந்த வீடு. மாடியில் மேற்குப் பார்த்த படுக்கையறையில் ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஸ்பிளிட் ஏசி இருக்கிறது, ஆர்32 கேஸ். அப்பாவுக்கு மூச்சிரைப்பு உண்டு. அக்னி நட்சத்திரத்தில் அந்த அறை குளிர்ந்தே ஆக வேண்டும், இல்லையென்றால் ராத்திரி முழுக்க உட்கார்ந்தபடியே இருப்பார். அதனால் இது எங்களுக்குச் சொகுசு விஷயம் இல்லை.

ஒவ்வொரு வருஷமும் பங்குனியில் மெக்கானிக் வருகிறார். அவுட்டோரில் (வெளியே இருக்கும் பெட்டியில்) அழுத்த மீட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு "கேஸ் கம்மியா இருக்கும்மா" என்கிறார். கேஸ் ஏற்றுவார், மூவாயிரத்துக்குக் குறையாமல் வாங்கிக்கொண்டு போவார். கொஞ்ச நாள் நன்றாகக் குளிரும், அடுத்த கோடையில் மறுபடியும் அதே கதை. இந்த முறை கூடவே இண்டோரின் இடது மூலையிலிருந்து சுவரோடு தண்ணீரும் வழிகிறது. பெயின்ட் உப்பிக்கொண்டு நிற்கிறது.

ஃபேன் ரெகுலேட்டர் மாற்றுவது, குழாய் வாஷர் போடுவது, மோட்டார் ஏர்லாக் எடுப்பது எல்லாம் நானே செய்துகொள்வேன். ஏசி வேலையையும் ஒழுங்காகக் கற்றுக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. கேஸ் அழுத்தம் பார்க்கும் கேஜ் செட், சின்ன கேஸ் டின் எல்லாம் ஆன்லைனில் கிடைக்கின்றன, வீடியோக்களும் நிறைய இருக்கின்றன. வாங்கிவிடலாமா? எங்கே ஆரம்பிப்பது? எதைத் தொடவே கூடாது? தொழில் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

சிங்காநல்லூர் ஏசி

வணக்கங்க சகோதரி. ஐடிஐயில் இரண்டு வருஷம் ஏசி, ஃபிரிட்ஜ் தொழில் படித்துவிட்டு, கோவையில் இருபது வருஷத்துக்கு மேலாக இதே வேலைதான் செய்கிறேன். நீங்கள் கற்றுக்கொள்ள நினைப்பது ரொம்பச் சரி. ஆனால் கேஜும் கேஸ் டின்னும் வாங்க வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் இந்த வருஷா வருஷம் கேஸ் ஏற்றுகிற விஷயம். ஏசிக்குள் இருக்கும் கேஸ் எரிந்தோ தேய்ந்தோ தீர்வதில்லை. கம்ப்ரஸர் அதை அழுத்தி அனுப்புகிறது. அவுட்டோர் காயிலில் சூட்டை வெளியே விட்டுத் திரவமாகிறது, இண்டோர் காயிலில் அறையின் சூட்டை வாங்கி ஆவியாகிறது, திரும்பக் கம்ப்ரஸருக்கே வருகிறது. முழுக்க மூடிய சுற்று. உங்கள் வீட்டு ஃபிரிட்ஜிலும் இதே சங்கதிதான் நடக்கிறது, அதற்கு யாராவது வருஷா வருஷம் கேஸ் ஏற்றுகிறார்களா? அதனால் உங்கள் ஏசியில் ஒன்று லீக் இருக்கிறது, இல்லையென்றால் கேஸ் குறையவே இல்லை. இரண்டில் எது என்று தெரியாமல் இனி ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

இதைத் தெரிந்துகொள்ள மீட்டர் வேண்டாம். இன்வெர்ட்டரில் கம்ப்ரஸரின் வேகம் மாறிக்கொண்டே இருக்கும், அழுத்தமும் அதோடு சேர்ந்து மாறும். முள் காட்டுகிற ஒரு எண்ணை மட்டும் வைத்துக் "கம்மி" என்று முடிவு சொல்ல முடியாது. கையும் கண்ணும் ஒரு சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டரும் இருந்தால் போதும்.

வேலை இப்படி. ஃபில்டரைக் கழுவிக் காயவைத்து மாட்டுங்கள். கதவு, ஜன்னலைச் சாத்திவிட்டு, 18 டிகிரி வைத்து, ஃபேனை முழு வேகத்தில் விட்டு இருபது நிமிஷம் ஓடவிடுங்கள். இண்டோரின் மேல்பக்கம் காற்று உள்ளே போகும் இடத்தில் ஒரு தடவை, கீழே காற்று வரும் வாயில் ஒரு தடவை சூடு அளந்து பாருங்கள். 8 முதல் 12 டிகிரி வரை வித்தியாசம் இருந்தால் இயந்திரம் வேலை செய்கிறது. அப்படியும் அறை குளிரவில்லை என்றால் கோளாறு அறையில், ஏசியில் இல்லை.

வித்தியாசம் குறைவாக இருந்தால் அவுட்டோர் பக்கம் போங்கள். இரண்டு காப்பர் பைப் வெளியே வந்து பித்தளை வால்வில் சேரும், ஒன்று மெல்லிசு, ஒன்று தடிமன். நல்ல நிலையில் இரண்டுமே சில்லென்று இருக்கும், தடித்த பைப்பின் வால்வில் வியர்வை பூத்துத் தண்ணீர் சொட்டும். கேஸ் குறைந்திருந்தால் மெல்லிய பைப்பின் வால்வில் வெள்ளையாகப் பனி பிடிக்கும், தடித்தது காய்ந்துபோய் வெதுவெதுப்பாக நிற்கும். ஃபில்டரோ இண்டோர் காயிலோ அடைத்துக் காற்று போகாமல் இருந்தால் கதை வேறு: தடித்த பைப்பும் சேர்ந்து பனி பிடிக்கும். இந்த ஒரு வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் உங்களை யாரும் ஏமாற்ற முடியாது.

இனி தண்ணீர். இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, ட்ரெயின் அடைப்பு, அதாவது தண்ணீர் வெளியே போகும் வழி அடைத்துக்கொள்வது. இன்னொன்று, கேஸ் குறைந்து காயிலில் ஐஸ் கட்டி, அது உருகும்போது தட்டில் அடங்காமல் வழிவது. ஏசி ஓடும்போது முன்பக்க மூடியைத் தூக்கி டார்ச் அடித்துக் காயிலைப் பாருங்கள். ஒரு மூலையில் மட்டும் ஐஸ் இருந்தால் கேஸ் பக்கம் சந்தேகம். ஐஸே இல்லாமல் தண்ணீர் வழிந்தால் ட்ரெயின்தான்.

ட்ரெயினை நீங்களே சுத்தம் செய்யலாம். எம்சிபியை (ஏசிக்குப் போகும் கரண்டை நிறுத்தும் ஸ்விட்ச்) இறக்கிவிடுங்கள், ரிமோட்டில் அணைத்தால் மட்டும் போதாது. காயிலுக்குக் கீழே ஒரு நீளத் தட்டு இருக்கும். அதிலிருந்து போகும் ஹோஸுக்குள் தூசியும் பாசியும் சேர்ந்து சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று ஒன்று உட்கார்ந்திருக்கும். தண்ணீர் இழுக்கிற வேக்கம் கிளீனர் கிடைத்தால், ஹோஸின் வெளிமுனையில் வைத்து, சுற்றித் துணியை இறுக்கிப் பிடித்து இழுங்கள். கொத்தாக வந்துவிடும். பிறகு இடது ஓரமாகத் தட்டில் ஒரு மக் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள், வெளியே யாராவது நின்று பார்க்கட்டும். ஊற்றின வேகத்தில் வர வேண்டும். நிறையப் பேர் செடிக்கு ஊற்ற என்று வெளிமுனையைப் பக்கெட்டில் விட்டு வைப்பார்கள். நல்ல பழக்கம்தான், ஆனால் முனை தண்ணீரில் மூழ்கினால் ஹோஸில் காற்று அடைத்துக்கொள்ளும், தண்ணீர் அறைக்குள் திரும்பும். பக்கெட்டுக்கு மேலே ஒரு சாண் தூக்கிக் கட்டிவிடுங்கள்.

காயிலின் தகடுகள் மெல்லிய அலுமினியம். பழைய டூத்பிரஷால் மேலிருந்து கீழாக மட்டும் தேயுங்கள். ஆசிட், பாத்ரூம் கிளீனர் எதுவும் வேண்டாம். உள்ளே உருளையாகச் சுற்றும் ப்ளோயரில் கறுப்பாகப் பூஞ்சை இருந்தால் அதற்குப் பை கட்டி பம்ப்பில் அடிக்கும் சர்வீஸ்தான் சரி. பெரும்பாலும் வலது பக்கத்தில்தான் பிசிபி என்கிற எலக்ட்ரானிக் போர்டு இருக்கும், அங்கே ஒரு குவளைத் தண்ணீர் போனாலே போர்டு போய்விடும். அப்பாவுக்கு மூச்சிரைப்பு என்பதால் இந்தச் சர்வீஸை வருஷத்துக்கு ஒரு தடவை கட்டாயம் செய்துவிடுங்கள். கோடையில் ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள்.

எதைத் தொடக்கூடாது என்று கேட்டீர்கள். அவுட்டோரின் மூடியைக் கழற்றாதீர்கள். இன்வெர்ட்டர் போர்டில் 230 வோல்ட் டிசியாக மாறி ஏறத்தாழ 325 வோல்ட் வரை, மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெபாசிட்டரில் நிற்கும். எம்சிபியை இறக்கிய பிறகும் சில நிமிஷம் அது அங்கேயே இருக்கும், ஆளைக் கொல்லப் போதுமானது.

கேஸ் லைனையும் திறக்காதீர்கள். ஆர்32 லேசாகத் தீப்பிடிக்கக்கூடியது, காற்றைவிடக் கனமானது, சின்ன அறையில் கசிந்தால் தரையோடு தங்கும். 30 டிகிரி வெயிலில், ஏசி அணைந்திருக்கும்போதே உள்ளே சுமார் 265 பிஎஸ்ஐ அழுத்தம் இருக்கும். பழைய ஏசிகளில் இருந்த ஆர்22 கேஸில் அதே சூட்டில் 160-க்குள்தான். ஆர்22-க்கு வாங்கின பழைய ஹோஸை இதில் மாட்டுவதே ஆபத்து. லைனைக் கழற்றும் முன் கேஸை அவுட்டோருக்குள் இழுத்து அடைக்கும்போது எங்கேயாவது லீக் வழியாகக் காற்றும் சேர்ந்து உள்ளே போனால் ஆயிலும் காற்றும் அழுத்தத்தில் தீப்பிடித்துக் கம்ப்ரஸர் வெடிக்கலாம். வெல்டிங்குக்கு வைத்திருக்கும் ஆக்சிஜனை லைனில் அடித்து லீக் பார்த்து உயிரை விட்டவர்கள் எங்கள் தொழிலில் இருக்கிறார்கள். இதையெல்லாம் வீடியோ பார்த்துக் கற்க வேண்டாம்.

அப்புறம் சன்ஷேடு. உங்கள் அவுட்டோர் எங்கே இருக்கிறது என்று சொல்லவில்லை. சன்ஷேடிலோ வெளிச்சுவர் ஸ்டாண்டிலோ இருந்தால் எட்டிக்கூடப் பார்க்காதீர்கள். பெல்ட் கட்டாமல் ஏறி விழுந்த பையன்களைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவன் நான். மீட்டரும் வால்வும் பிறகு, முதலில் கால் நிற்கிற இடம்.

மாவிலைத் தோரணம்

நான் விருதுநகர். மேலே அண்ணன் "கோளாறு அறையில்" என்று ஒரு வரியில் கடந்துவிட்டார், அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மேற்குச் சுவரும் மேலே காங்கிரீட்டும் உள்ள மாடியறையில் மத்தியானம் ஏறின சூடு ராத்திரி பத்து, பதினொன்று வரை உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். சாயங்காலம் ஏழு மணிக்கு உட்கூரையில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், தெரியும். ஒரு டன் என்றால் மணிக்கு 12,000 பிடியூ (சூட்டை அளக்கும் அலகு) சூட்டை வெளியேற்றும் திறன். ஒன்றரை டன்னில் ஒரு பங்கு அந்தக் கூரைச் சூட்டுக்கே போய்விடும்.

எங்கள் வீட்டில் மொட்டைமாடித் தரையை நன்றாகத் தேய்த்துக் கழுவி, வெள்ளைச் சுண்ணாம்பில் பசை கலந்து இரண்டு கோட் அடித்தோம். கடையில் விற்கும் வெள்ளைக் கூரை பெயின்ட் இன்னும் நாள் தாங்கும், ஆனால் சுண்ணாம்பு மலிவு, மழைக்காலம் முடிந்து தை, மாசியில் திரும்ப அடித்துக்கொள்ளலாம். மேற்கு ஜன்னலுக்கு வெளிப்பக்கமாக மூங்கில் தட்டி கட்டினோம். உள்ளே திரைச்சீலை போட்டால் வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்டது என்று அர்த்தம், வெளியே மறைத்தால்தான் பலன்.

இன்னொன்று. 18-ல் வைத்தால் அறை சீக்கிரம் குளிரும் என்று வீட்டில் பெரியவர்கள் நினைப்பார்கள். குளிர்கிற வேகம் அதனால் மாறாது, இயந்திரம் நிற்காமல் ஓடும், அவ்வளவுதான். 2020 முதல் இங்கே விற்கும் ஏசிகள் ஆன் செய்ததும் 24 டிகிரியில்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. ஒரு டிகிரி ஏற்றி வைத்தால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது அரசின் மின்சிக்கன அமைப்பான பிஇஇ சொல்லும் கணக்கு. 25, 26-ல் வைத்துச் சீலிங் ஃபேனை மெதுவாக ஓடவிட்டால் அப்பாவுக்கும் நெஞ்சில் நேராகக் குளிர் அடிக்காது. ரெண்டு மாத பில் 500 யூனிட்டைத் தாண்டினால் ரேட்டே மாறிவிடுகிறது, அதையும் பாருங்கள்.

உறையூர்க்காரி

இருவருக்கும் ரொம்ப நன்றி. அவுட்டோர் மொட்டைமாடியில் தரையிலேயே ஸ்டாண்ட் போட்டு இருக்கிறது, கைப்பிடிச் சுவருக்கு உள்பக்கம். அதனால் பயமில்லாமல் பார்க்க முடிந்தது.

அண்ணன் சொன்னபடியே எல்லாம் பார்த்தேன். உள்ளே போகும் காற்று 31, வெளியே வரும் காற்று 26. ஐந்து டிகிரிதான் வித்தியாசம். மெல்லிய பைப் வால்வில் உப்புப் பூத்த மாதிரி வெள்ளைப் பனி. தடித்த பைப் காய்ந்துபோய் இருந்தது, தொட்டால் குளிரே இல்லை. காயிலில் இடது கீழ் மூலையில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஐஸ்.

தடித்த பைப்பின் நட்டைச் சுற்றிக் கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டின தூசியும் இருந்தது. மெல்லிய பைப்பின் நட்டில் அப்படி இல்லை, சுத்தமாக இருந்தது. இதற்கு ஏதாவது அர்த்தம் உண்டா?

ட்ரெயினும் அடைத்துத்தான் இருந்தது. பக்கத்து வீட்டில் வேக்கம் கிளீனர் வாங்கி இழுத்தேன், நீங்கள் சொன்ன சாம்பல் கொழகொழப்பு அப்படியே வந்தது. இப்போது ஊற்றின தண்ணீர் உடனே வெளியே வருகிறது. ஆனாலும் ஏசியை அணைத்துக் கொஞ்ச நேரத்தில் இடது மூலையில் சில சொட்டு விழுகிறது.

சிங்காநல்லூர் ஏசி

அருமையாகப் பார்த்திருக்கிறீர்கள். ஒரு கைதேர்ந்த ஹெல்ப்பர் செய்கிற வேலை இது.

அந்த எண்ணெய்ப் பிசுக்குதான் பதில். கேஸோடு சேர்ந்து கம்ப்ரஸர் ஆயிலும் கொஞ்சம் லைனில் சுற்றிக்கொண்டிருக்கும். கேஸ் கசிகிற இடத்தில் ஆயிலும் கூடவே வெளியே வந்து தூசியைப் பிடித்துக்கொள்ளும். பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கெட்டியாகக் கலக்கி, ஏசியை அணைத்துப் பத்து நிமிஷம் கழித்து அந்த நட்டைச் சுற்றிப் பிரஷால் தடவுங்கள். ஓடும்போது தடித்த பைப்பில் அழுத்தம் குறைவு, அணைந்திருக்கும்போதுதான் இரண்டு பக்கமும் சமமாகி அழுத்தம் ஏறும், சின்ன லீக்கும் தெரியும். பெரிய குமிழி எதிர்பார்க்காதீர்கள். வெள்ளையாகப் பொடி நுரை மெதுவாகப் பூத்து வரும். பொறுமையாகப் பாருங்கள். வால்வின் மேலுள்ள பித்தளை மூடிகளையும், கேஸ் ஏற்றுகிற முனையின் சின்ன மூடியையும் சேர்த்துப் பாருங்கள். கேஸ் ஏற்றிவிட்டு அந்த மூடியை மாட்ட மறந்து போவது எங்கள் தொழிலில் நடக்கிற ஒன்று.

நுரை வந்தாலும் ஸ்பேனர் எடுத்து இறுக்காதீர்கள். அந்த நட்டுக்குள் காப்பர் பைப்பின் வாயைப் புனல் மாதிரி விரித்து வைத்திருக்கிறோம், அதற்குப் பெயர் ஃபிளேர். அதில் ஒரு கீறலோ சாய்வோ இருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது, அதிகம் இறுக்கினால் ஃபிளேர் பிளந்து மொத்தக் கேஸும் ஒரே மூச்சில் வரும்.

மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள், ஆனால் போனிலேயே பேசிவிடுங்கள். "கேஸ் ஏத்த வேண்டாம், தடித்த லைன் ஃபிளேரில் லீக் இருக்கு, வெட்டிப் புது ஃபிளேர் போடணும். நைட்ரஜன், வேக்கம் பம்ப், எடை மெஷின் மூணும் கொண்டு வருவீங்களா?" என்று கேளுங்கள். தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள்.

வேலை நடக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். புது ஃபிளேர் போட்டதும் நைட்ரஜன் ஏற்றி அரைமணி நேரமாவது முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு வேக்கம் பம்ப் போட்டு உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுக்க வேண்டும், உள்ளே மிஞ்சும் அழுத்தம் 500 மைக்ரானுக்குக் (வேக்கத்தை அளக்கும் அலகு) கீழே போக வேண்டும் என்பது கணக்கு. பம்ப்பே இல்லாமல் கொஞ்சம் கேஸை விட்டுக் காற்றைத் தள்ளிவிட்டு "ஆச்சு" என்று சொல்லும் வழக்கம் இருக்கிறது. அதில் ஈரம் உள்ளேயே தங்கிவிடும், ஆர்32-க்கான ஆயில் ஈரத்தை உறிஞ்சிக் கெட்டுப்போகும், கம்ப்ரஸரின் ஆயுள் குறையும். அது போக, வெளியே விடும் ஒவ்வொரு கிலோ ஆர்32-ம் கார்பன் டை ஆக்சைடைவிட 675 மடங்கு பூமியைச் சூடாக்கும். சும்மா திறந்துவிடுகிற பொருள் இல்லை அது.

கடைசியில் கேஸை எடை போட்டுத்தான் ஏற்ற வேண்டும். எத்தனை கிராம் என்று அவுட்டோரின் ஓரத்தில் உள்ள நேம் பிளேட்டில் அச்சிட்டிருக்கும். அதை இப்போதே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வெயிலில் எழுத்து அழிந்துபோகும். ஆர்32 ஒரே கேஸ், கலவை இல்லை, அதனால் மிச்சம் இருப்பதோடு மேலே சேர்ப்பது தப்பில்லை என்று சிலர் சொல்வார்கள். தன்மை மாறாது என்பது உண்மைதான். ஆனால் உள்ளே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தெரியாமல் எவ்வளவு சேர்ப்பது? இன்வெர்ட்டருக்கு எடைதான் ஒரே வழி.

அணைத்த பிறகு விழும் சொட்டு அந்த ஐஸ் உருகுவதுதான். லீக் சரியானால் அதுவும் நின்றுவிடும்.

உறையூர்க்காரி

நுரை வந்தது அண்ணா. நீங்கள் சொன்ன மாதிரியே, அரிசி மாவு பொங்குகிறது போலச் சன்னமாக. தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

வழக்கமாக வருபவரிடம் எடை மெஷின் இல்லை என்றார். தில்லைநகர்ப் பக்கம் ஒருவர் மூன்றும் இருக்கிறது என்று சொல்லி வந்தார். பழைய ஃபிளேரை வெட்டி எடுத்து என் கையில் கொடுத்தார், வாயில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து மெலிந்திருந்தது. நைட்ரஜன் போட்டு முள் அசையாமல் நின்றதை நானும் பார்த்தேன். வேக்கம் பம்ப் ஓடிக்கொண்டிருந்தபோது அப்பாவும் நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார்.

இப்போது உள்ளே போகும் காற்று 30, வெளியே வருவது 19. ஐஸ் இல்லை, சொட்டு இல்லை.

அடுத்து என்ன கற்கலாம்? வயரைக் கவ்விக் கரண்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டர் வாங்கட்டுமா?

சிங்காநல்லூர் ஏசி

சந்தோஷங்க. அந்தப் பழைய ஃபிளேர்த் துண்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், நாளைக்கு வேறு யாருக்காவது விளக்கக் காட்டலாம்.

கிளாம்ப் மீட்டர் இப்போதைக்கு வேண்டாம். அதை மாட்ட ஒற்றை வயரைத் தனியாகப் பிரிக்க வேண்டும், அதற்குக் கரண்ட் இருக்கும் போர்டைத் திறக்க வேண்டியிருக்கும். உங்கள் ஏசி 16 ஆம்பியர் பிளக்கில் ஓடுகிறது என்றால், பிளக்குக்கும் சாக்கெட்டுக்கும் நடுவில் மாட்டுகிற 16 ஆம்பியர் வாட் மீட்டர் ஒன்று வாங்குங்கள். முழு வேகத்தில் ஓடும்போது எத்தனை வாட், அறை குளிர்ந்த பிறகு எத்தனை வாட், அன்றைக்கு வெளியே எவ்வளவு சூடு, காற்றில் எத்தனை டிகிரி வித்தியாசம் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இப்போது எல்லாம் சரியாக இருக்கும்போது எழுதுவதுதான் முக்கியம். அடுத்த வருஷம் யாராவது "கம்மியா இருக்கும்மா" என்றால் அந்த நோட்டை எடுத்துக் காட்டுங்கள்.

பிளக்கையும் ஒரு தடவை பாருங்கள். அரைமணி நேரம் ஓடியதும் எம்சிபியை இறக்கிவிட்டுப் பிளக் டாப்பைக் கழற்றித் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடோ பழுப்பு நிறமோ இருந்தால் சாக்கெட் தளர்ந்துவிட்டது. அன்றைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாற்றிவிடுங்கள். வரும்போது எர்த்தையும் சோதிக்கச் சொல்லுங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இருக்கிறதா என்றும் பார்த்து, இல்லையென்றால் போட்டுவிடச் சொல்லுங்கள்.